காவல்துறைப் பணக் கணக்கு விசாரணை நகரவில்லையா? சட்டமன்றம் வழியாகத் தேதி கேட்கும் முறை: சேலம் மாவட்டத்தாருக்கு

ஏற்காடு மலைப்பாதையில் ரசீது இல்லாமல் வாங்கிய அபராதம், நிலையத்தில் பிடித்து வைத்துக் கணக்கில் வராமல் போன ரொக்கம், ஜீப் டீசல் பில், கருவி வாங்கிய டெண்டர். இவற்றில் எதைப் பற்றிப் புகார் கொடுத்திருந்தாலும் ஒரு வருடம் கழித்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "விசாரணையில் உள்ளது." இந்தப் பதில் வந்த பிறகு அதே புகாரை இன்னும் காரமாக எழுதி இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புவதால் பயனில்லை. பத்தும் சுற்றிச் சுற்றி அதே அலுவலகத்துக்கு வந்து சேரும்.

சட்டமன்றம் விசாரணை நடத்தாது, யார் குற்றவாளி என்றும் சொல்லாது. கோப்பு எந்த மேஜைக்கு எந்தத் தேதியில் போனது, அங்கிருந்து ஏன் எழவில்லை என்பதை மட்டும் அரசின் வாயாலேயே பதிவு செய்ய வைக்கும். தாமதம் விசாரணை அதிகாரியின் மேஜையில் நடப்பதை விட, ஒரு மேஜைக்கும் அடுத்த மேஜைக்கும் நடுவில் நடப்பதே அதிகம். ஆகவே இந்த வேலை முழுக்கத் தேதிகளைப் பற்றியது. குற்றச்சாட்டின் சூடு இதில் உதவாது.

யார் பணம், யார் கோப்பு

எதையும் எழுதும் முன் இரண்டு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள்.

ஒன்று, நிலையம் யாருக்குக் கீழே. ஏற்காடு காவல் நிலையம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குக் கீழே வருகிறது. அஸ்தம்பட்டி நிலையம் சேலம் மாநகரக் காவல் ஆணையருக்குக் கீழே. மலையேறும் ஒரே பயணத்தில் இரண்டு நிர்வாகங்களைக் கடந்து விடுவோம். எந்த இடத்தில் பணம் வாங்கப்பட்டது என்பதைத் தவறாக எழுதினால் "எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல" என்ற பதிலுக்கே ஒரு மாதம் போய்விடும்.

இரண்டாவது, செயலகத்தில் எந்தத் துறை. காவல்துறையின் வரவு செலவு உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையில் வருகிறது. லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் இருப்பது மனிதவள மேலாண்மைத் துறையின் கீழே. "பணம் எங்கே போனது" என்பது உள்துறைக் கேள்வி. "லஞ்ச ஒழிப்பு விசாரணை ஏன் முடியவில்லை" என்பது மனிதவள மேலாண்மைத் துறைக் கேள்வி. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் இரு துறையும் மற்றதைக் கைகாட்டும். இந்த ஒரு பிழையால் வீணாகும் மனுக்களே ஏராளம்.

காவலர் குடியிருப்போ நிலையக் கட்டடமோ விவகாரம் என்றால் இன்னொரு கிளை இருக்கிறது. 1981ல் தொடங்கிய தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம் அரசு நிறுவனம். அதன் கணக்கைப் பேரவையின் பொது நிறுவனங்கள் குழு பார்க்கும், பொதுக் கணக்குக் குழு அல்ல.

தேதிப் பட்டியல்

ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: புகார் பெறப்பட்ட நாள், அது எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, முதற்கட்ட விசாரணை தொடங்கிய நாள், விரிவான விசாரணைக்கு ஆணையான நாள், முதல் தகவல் அறிக்கை, வழக்குத் தொடர இசைவு கேட்ட நாள், இசைவு கிடைத்த நாள், குற்றப்பத்திரிகை. தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். எந்தக் கட்டம் காலியோ அதுதான் உங்கள் கேள்வி.

சட்டம் சில கட்டங்களுக்குக் கடிகாரம் வைத்திருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டம் 1988ல் 2018ஆம் ஆண்டு சேர்த்த 17ஏ பிரிவின்படி, ஓர் அலுவலர் பணியில் எடுத்த முடிவு அல்லது செய்த பரிந்துரை பற்றி விசாரிக்க முன் அனுமதி வேண்டும். அனுமதி தருவதா இல்லையா என்பதை 3 மாதத்தில் சொல்ல வேண்டும். காரணம் எழுதி 1 மாதம் நீட்டிக்கலாம். 19ஆம் பிரிவின்படி நீதிமன்றம் வழக்கை ஏற்க இசைவு வேண்டும். அதற்கும் 3 மாதம். சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் இன்னொரு மாதம். வழக்கு மன்றத்துக்குப் போய்விட்டால் 2 ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது.

17ஏ பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டெண்டர் முடிவு செய்தது, கொள்முதலுக்குப் பரிந்துரைத்தது போன்றவற்றுக்கு இந்த முன் அனுமதி பொருந்தும். ரசீது போடாமல் கையில் பணம் வாங்கியது எந்த வகை "முடிவு", எந்த வகைப் "பரிந்துரை"? அப்படிப்பட்ட புகாரிலும் "17ஏ அனுமதிக்காகக் காத்திருக்கிறது" என்று பதில் வந்தால், எந்த முடிவுக்காக அனுமதி கேட்கப்பட்டது என்று திருப்பிக் கேளுங்கள்.

புகார் லஞ்ச ஒழிப்பிலிருந்து துறைக்கே திருப்பி அனுப்பப்பட்டிருக்கவும் கூடும். அப்போது அது துறை விசாரணை. காவலர்கள் பேச்சில் "3(பி) சார்ஜ்" என்பது தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் 1955ன் 3(பி) விதி. கடும் தண்டனைக்கான குற்றச்சாட்டு. இதில் கேட்க வேண்டிய தேதிகள் வேறு: குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கிய நாள், விசாரணை அலுவலர் நியமன நாள், விசாரணை அறிக்கை வந்த நாள், இறுதி ஆணை.

எஃப்ஐஆர் பதிவாகி, புகார்தாரர் நீங்களே என்றால் குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193(3) பிரிவைச் சுட்டிக் கேட்கலாம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் தகவல் கொடுத்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது.

சட்டமன்றத்துக்கு முன் ஆர்டிஐ

எம்.எல்.ஏ.விடம் வெறுங்கையோடு போகாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"ஏன்" என்று கேட்காதீர்கள். கருத்தும் விளக்கமும் தகவல் ஆகாது என்று திருப்பி விடுவார்கள். அலுவலர் பெயர், வங்கிக் கணக்கு, சொத்து விவரம் கேட்டால் தனிநபர் தகவல் என்று 8(1)(ஜே) காட்டி மறுப்பார்கள். எண்ணும் தேதியும் மட்டும் கேளுங்கள். ஏற்காடு அபராத விஷயத்தில் இப்படிக் கேட்கலாம்:

"ஏற்காடு காவல் நிலைய எல்லையில் 01.04.2024 முதல் 31.03.2025 வரை மாதவாரியாக: போடப்பட்ட இ-சலான் எண்ணிக்கை, விதித்த அபராதத் தொகை, ரொக்கமாக வசூலான தொகை, கார்டு மற்றும் யூபிஐ வழியே வசூலான தொகை, அரசுக் கணக்கில் செலுத்திய தொகை, செலுத்திய சலான் தேதிகள்."

பதில் வந்ததும் மே மாதத்தைப் பாருங்கள். கோடை விழா நாட்களில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி நகராமல் நிற்கும். ஒண்டிக்கடை ரவுண்டானாவில் நடக்கக் கூட இடமிருக்காது. அந்த மாத வசூல் பிப்ரவரி மாத வசூலை ஒட்டியே இருந்தால் விசாரிக்கத் தகுந்த விஷயம். அதுவே நிரூபணம் ஆகாது. திருவிழாக் கூட்டத்தில் சலான் போட ஆள் இல்லாமலும் இருந்திருக்கலாம். வசூல் தேதிக்கும் செலுத்திய தேதிக்கும் இடையில் பல வாரம் இருந்தால் அது இன்னும் கனமான தடயம். அரசுப் பணத்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது கருவூல விதிகளின் அடிப்படை. 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்ந்து ஹெல்மெட் இல்லாததற்கே 1,000 ரூபாய் ஆன பிறகு, பத்து சலான் விடுபட்டாலும் தொகை சின்னதல்ல.

லஞ்ச ஒழிப்பு இயக்ககத்திடம் கேட்டால் வேறு சுவர் எழும். 2008ல் தமிழக அரசு அந்த இயக்ககத்துக்கு தகவல் உரிமைச் சட்டத்தின் 24(4) பிரிவின் கீழ் விலக்கு அளித்தது. ஆனால் அதே பிரிவின் காப்புரை (விலக்குக்கு வரம்பு வைக்கும் வாசகம்), ஊழல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு விலக்கு பொருந்தாது என்கிறது. விண்ணப்பத்திலேயே அந்தக் காப்புரையைக் குறிப்பிட்டு விடுங்கள். அடுத்து 8(1)(எச்) வரும், விசாரணைக்கு இடையூறு என்று. விசாரணை நடக்கிறது என்பது மட்டும் மறுக்கக் காரணம் ஆகாது, தகவல் எப்படி இடையூறு செய்யும் என்று காட்ட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2007ல் பகத் சிங் வழக்கில் சொன்னது. மேல்முறையீட்டில் இதை எடுத்து வையுங்கள். அனுமதி கேட்டுக் கடிதம் போன தேதியால் எந்தச் சாட்சியும் கலையாது.

எம்.எல்.ஏ.விடம் கடிதம் வாங்காதீர்கள், வினா கேளுங்கள்

பெரும்பாலோர் செய்வது, எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் பரிந்துரைக் கடிதம் வாங்குவது. அது "உரிய நடவடிக்கைக்காக" என்ற முத்திரையோடு கீழே இறங்கி, யார் மேல் புகாரோ அவர் அலுவலகத்துக்கே வரும். பேரவை வினாவோ மேலிருந்து பதில் கேட்டு இறங்கி, அமைச்சர் பெயரில் மீண்டும் மேலே போக வேண்டும். பதில் தயாரிக்கும்போது யாரோ ஒருவர் கோப்பைத் திறந்து தேதியை எழுதியே ஆக வேண்டும்.

சேலம் மாவட்டத்தில் 11 தொகுதிகள்: கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு, ஓமலூர், மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி, சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு, வீரபாண்டி. உங்கள் உறுப்பினர் அமைச்சராக இருந்தால் அவர் வினா கொடுக்க மாட்டார்; பக்கத்துத் தொகுதி உறுப்பினரிடம் போங்கள். எந்த உறுப்பினரும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம். ஆளுங்கட்சி உறுப்பினர் காவல்துறையைப் பற்றி அவையில் எழுந்து கேட்கத் தயங்குவது இயல்பு. அவரிடம் எழுத்து மூலம் பதில் வரும் நட்சத்திரக் குறியிடாத வினாவைக் கேளுங்கள். மேடை இல்லை, துணைக் கேள்வி இல்லை. ஆனால் புள்ளிவிவரம் முழுதாக வருவது அதில்தான். தேதி வேண்டும் என்றால் எங்கள் பரிந்துரை எப்போதும் இதுவே.

வினாவை நீங்களே எழுதிக் கொண்டு போங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு மாதிரி:

"மாண்புமிகு முதலமைச்சர் அவர்கள் பின்வரும் வினாவுக்கு விடையளிப்பார்களா:
(அ) சேலம் மாவட்டம் மற்றும் சேலம் மாநகரக் காவல் அலுவலர்கள் தொடர்பாக லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தில் முதற்கட்ட விசாரணை நிலையில் ஓராண்டுக்கு மேல் நிலுவையில் உள்ளவை எத்தனை;
(ஆ) விரிவான விசாரணை நிலையில் உள்ளவை எத்தனை;
(இ) இவற்றில் 17ஏ பிரிவின் கீழ் முன் அனுமதி கேட்டு 4 மாதங்களுக்கு மேல் முடிவு தெரிவிக்கப்படாதவை எத்தனை;
(ஈ) 19ஆம் பிரிவின் கீழ் இசைவு கேட்டு 4 மாதங்களுக்கு மேல் நிலுவையில் உள்ளவை எத்தனை;
(உ) இவற்றை முடிக்க அரசு நிர்ணயித்துள்ள கால அளவு யாது?"

துறை முதல்வர் பொறுப்பில் இல்லாவிட்டால் உரிய அமைச்சர் பெயரை மாற்றுங்கள். இதில் யார் பெயரும் இல்லை, யார் குற்றவாளி என்ற வாதமும் இல்லை. நீதிமன்ற விசாரணையில் உள்ள பொருள் என்று ஒதுக்க முடியாத வகையில் எழுதப்பட்டது. "ஏற்காடு இன்ஸ்பெக்டர் மேல் நடவடிக்கை எடுக்கப்படுமா" என்று கேட்டால் வினா ஏற்கப்படாது. ஏற்கப்பட்டாலும் "விசாரணையில் உள்ளது" என்றே வரும்.

இன்னொரு வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது: காவல்துறை மானியக் கோரிக்கை (துறைக்கான ஆண்டு நிதியைப் பேரவையிடம் கேட்பது), எண் 22. அன்று அவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை வாங்கிப் படியுங்கள். வெட்டுத் தீர்மானம் (அந்த நிதியைக் குறைக்கக் கோரும் தீர்மானம்) கொடுக்கும் உறுப்பினருக்கு உங்கள் ஒரு பக்கக் குறிப்பை விவாதத்துக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்தால் பயன்படும். முந்தைய இரவு கொடுத்தால் பயன்படாது.

"நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற சொல்லைப் பிடித்து வையுங்கள்

"விசாரணை நடைபெற்று வருகிறது, முடிந்தவுடன் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னதும் பலர் மனம் சோர்ந்து விடுவார்கள். இந்த வழிமுறை முழுவதிலும் மதிப்பு மிக்க வரி அதுதான். அவையில் அமைச்சர் தரும் வாக்கு அரசு உறுதிமொழி. அது நிறைவேறியதா என்று பின்தொடரவே அரசு உறுதிமொழிக் குழு என்று பேரவையில் தனிக்குழு இருக்கிறது. உறுதிமொழி பட்டியலில் ஏறிவிட்டால் துறை அதற்குப் பதில் சொல்லிக் கொண்டே இருக்க வேண்டும். ஆட்சியர் மாறினாலும், கண்காணிப்பாளர் மாறினாலும் பட்டியல் மாறாது.

செய்ய வேண்டியது: பேரவை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து அந்த வரியை அப்படியே, தேதியோடும் வினா எண்ணோடும் எடுங்கள். செய்தித்தாளில் வந்த சுருக்கம் உதவாது. ஒரு சொல் மாறினாலும் "அப்படி வாக்கு தரவில்லை" என்பார்கள். இந்த வரி உறுதிமொழியாகச் சேர்க்கப்பட்டதா, அதன் நிலை என்ன என்று வினா கொடுத்த உறுப்பினர் வழியாகக் கேளுங்கள். பேரவைச் செயலகமும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட பொது அதிகார அமைப்பே, அங்கும் விண்ணப்பிக்கலாம். குழு ஆய்வுக்காகச் சேலம் வரும்போது ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் நடக்கும். அதற்கு முன்பே குறிப்பு உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும்.

மனுக்கள் குழு

எம்.எல்.ஏ. யாரும் முன்வராவிட்டால் நீங்களே நேராகப் போகக்கூடிய கதவு இது. குழு மாவட்டத்துக்கு வரும் முன் ஆட்சியர் செய்திக்குறிப்பு வெளியிடுவார். மனு தமிழில், தேதி போட்டுக் கையொப்பமிட்டு, 5 நகல்கள். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரே துறை. பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் உள்ள பொருள், தனிநபர் குறை, அரசு அலுவலர் மீதான குறை ஆகியவற்றை ஏற்க மாட்டார்கள்.

கடைசி விலக்கில்தான் காவல்துறை மனுக்கள் விழுகின்றன. ஆகவே ஆளை விட்டு முறையை எழுதுங்கள்: "மலைப்பாதை வாகனச் சோதனையில் ரொக்க வசூலுக்கு இயந்திர ரசீது கட்டாயமாக்கவும், அன்றாட வசூல் தொகையை நிலையத்தில் பலகையில் எழுதி வைக்கவும் வேண்டுதல்." விசாரணை நிலுவை அதில் ஒரு வரியாக, காரணமாக வரட்டும். டாக்ஸி ஓட்டுநர்கள், பழக்கடைக்காரர்கள், எஸ்டேட் தொழிலாளர்கள் தினமும் அதே சாவடியைக் கடப்பவர்கள். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் அவர்மேல் மட்டும் பார்வை திரும்பும். சங்கத்தின் பெயரில், கூட்டாகக் கொடுங்கள்.

தணிக்கைப் பத்தி

காவல்துறைச் செலவு அரசுக் கணக்கில் 2055 என்ற தலைப்பில் வருகிறது, கட்டடம் போன்ற மூலதனச் செலவு 4055, வரவு 0055. பட்ஜெட் ஆவணத்தில் இந்த எண்களைப் பிடித்தால் எந்த இனத்தில் எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு செலவு என்பது தெரியும். இந்திய தணிக்கைத் துறை ஓர் அலுவலகத்தை ஆய்வு செய்ததும் ஆய்வு அறிக்கை அனுப்பும்; 4 வாரத்தில் முதல் பதில் போக வேண்டும். அந்த அறிக்கையில் எழுப்பும் ஒவ்வொரு ஆட்சேபமும் ஒரு தணிக்கைப் பத்தி. "நிலுவையில் உள்ள தணிக்கைப் பத்திகள் எத்தனை, எந்த ஆண்டு முதல், சம்பந்தப்பட்ட தொகை எவ்வளவு" என்று ஆர்டிஐ போடுங்கள். பல ஆண்டாகப் பதில் இல்லாத பத்தி இருந்தால் அது உங்கள் புகாரை விடப் பலமான ஆவணம், ஏனெனில் அதை எழுதியது தணிக்கையர். பொதுக் கணக்குக் குழு பார்ப்பது அரசியலமைப்பின் 151ஆம் பிரிவின்படி அவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையை. அறிக்கையில் இடம் பெறாத விஷயத்தைக் குழுவிடம் கொண்டு போவது கடினம். இரகசிய நிதிச் செலவைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம், அது வழக்கமான தணிக்கைக்கு வெளியே நிற்கிறது.

நாடாளுமன்றம் எப்போது

காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. சேலம் போலீஸ் பற்றி மக்களவையில் கேட்டால் "மாநில விவகாரம்" என்று ஒரு வரியில் முடியும். மத்திய அரசின் பணம் உள்ளே இருந்தால் மட்டும் அங்கே வழி உண்டு. காவல் நவீனமயமாக்கலுக்கான நிதியில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்தியப் பங்கு 60 சதவீதம். எவ்வளவு விடுவிக்கப்பட்டது, பயன்பாட்டுச் சான்றிதழ் எந்தத் தொகைக்கு நிலுவை என்று கேட்கலாம். வினா 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு.

எந்த எம்.பி. என்பதிலும் குழப்பம் வரும். ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் உள்ளன. சங்ககிரி நாமக்கல்லில், மேட்டூர் தருமபுரியில். மீதி ஆறும் சேலம்.

நீதிமன்றத்துக்கு எப்போது போவது

விசாரணையைக் குறிப்பிட்ட நாளுக்குள் முடிக்க உத்தரவிடக் கோரும் ரிட் மனுவுக்குச் சேலம் மாவட்டத்தார் போக வேண்டியது சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வு, மதுரை அல்ல. மனு எண் விழுந்த நாளிலிருந்து "நீதிமன்றத்தில் உள்ள பொருள்" என்ற காரணம் பேரவையில் தயாராக இருக்கும். மனுக்கள் குழுவின் கதவும் மூடும். எனவே பேரவை வினாவும் மனுக்கள் குழு மனுவும் முதலில், ரிட் பிறகு. பேரவையில் கிடைத்த பதில் ரிட் மனுவில் ஆவணமாகவும் ஆகிறது.

நீதிமன்றம் போனாலும் இசைவுக் கட்டத்தில் தாமதம் ஆகலாம் என்பதற்கு, தடை செய்யப்பட்ட குட்கா விற்பனை தொடர்பான லஞ்ச விவகாரத்தில் நடந்தது நல்ல சான்று. 2016ல் வருமான வரிச் சோதனையில் கிடைத்த ஆவணங்களில் காவல் அதிகாரிகளுக்குப் பணம் போனதாகக் குறிப்பு இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. மாநில விசாரணையில் நம்பிக்கை இல்லை என்று நீதிமன்றம் போனவர் சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன். 2018 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அதன் பிறகும், வழக்குத் தொடர இசைவு கேட்கும் கட்டம் 2022லும் ஓடிக்கொண்டிருந்தது. விசாரணை அமைப்பு மாறினாலும் இசைவு மேஜை அதே இடத்தில் இருந்தது. மாதிரி வினாவில் (இ), (ஈ) இரண்டையும் யாராவது நீக்கச் சொன்னால் ஒப்புக் கொள்ளாதீர்கள்.

பேரவை கலைந்தால் பதில் வராத வினாக்கள் காலாவதியாகும், குழுக்களும் புதிதாக அமையும். தேர்தல் ஆண்டு நெருங்கினால் புது வினாவை விட, ஏற்கெனவே வந்த பதில்களின் நகலைச் சேகரிப்பது முக்கியம். புதிய உறுப்பினரிடம் தரும் குறிப்பை "இந்தத் தேதியில் அரசு அவையில் அளித்த பதிலின்படி நிலுவை இவ்வளவு, இன்றைய நிலை என்ன" என்று தொடங்குங்கள்.